மூன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர்மாருக்கும் சார்மாருக்கும் ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் திங்கள்சந்தைப் பக்கம் இருக்கிறேன், வீட்டிலேயே தையல் வேலை. எனக்கு ஒரு தம்பி, ஒரு மகள். இரண்டு பேரைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்று பிரிக்காமல் எல்லாரிடமும்தான் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதில் எல்லாம் கெட்டிக்காரராக இருந்தும் வாசிப்பு மட்டும் வராத பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். சாயங்காலம் டியூஷன் எடுப்பவர்களும் இதை வாசித்தால் நல்லது.

முதலில் தம்பி. குளச்சல் பக்கம் வள்ளங்களுக்கு என்ஜின் வேலை பார்க்கிறான். வள்ளம் கரைக்கு வரும்போதே சத்தத்தைக் கேட்டு எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான், கழற்றிப் போட்ட சாமான்களை ஒரு படமும் பார்க்காமல் திரும்பப் பூட்டிவிடுவான். அதே தம்பி பேங்குக்குப் போகிற நாளில் வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் போவான். விரலில் காயம் ஒன்றும் இருக்காது. "கை முறிஞ்சிருக்கு, இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் எழுதித் தருவீங்களா" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதற்காகத்தான் அந்தத் துணி. வருஷக்கணக்காக இப்படிச் செய்துகொண்டிருந்திருக்கிறான், கூடப் பிறந்த எனக்கே தெரியாது. ஒரு நாள் என் மிஷின் பக்கத்தில் கிடந்த வெட்டுத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். என்னடா ஆச்சு என்று பதறிக் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, பேங்குக்கு" என்றான்.

அவன் மூன்றாம் வகுப்பு படித்தது 1994-ல். ஒன்றிலும் இரண்டிலும் எல்லாரும் சேர்ந்து பாட்டுப் போல ஒப்பித்ததில் அவனும் கூட்டத்தோடு தப்பிவிட்டான், மூன்றாவதில் தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னபோது மாட்டிக்கொண்டான். அப்போது அவனுக்கு 'மடியன்' என்று பெயர் வந்தது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற கனம் உங்களுக்குத் தெரியும், சோம்பேறி என்பதைவிட ஒரு படி கூடுதலாகக் குத்தும். பள்ளியில் வந்த பெயர் வீட்டுக்கும் வந்தது. அப்பா சொன்னார், அம்மா சொன்னார், நானும்தான் சொன்னேன். ஆறாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தான், எட்டோடு நின்றான். நின்ற அன்று அவன் முகத்தில் ஜெயிலில் இருந்து வெளியே விட்ட மாதிரி ஒரு நிம்மதி இருந்தது, அதை நான் திமிர் என்று நினைத்தேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையே என் தம்பி மாதிரி ஆட்களின் வாயை அடைத்துவிடுகிறது. வாசிக்கத் தெரியாதவர்கள் என்றால் அது கிழடு கட்டைகள்தான் என்று எல்லாரும் நினைக்கிற ஊரில், நாற்பதை நெருங்கும் ஒருத்தன், பஸ் போர்டு வாசிக்க வராது, கண்டக்டர் கூப்பிடுகிற சத்தத்தை வைத்துத்தான் ஏறுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வான்?

இனி மகள். அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, ஒரு கதையை ஒரு தடவை கேட்டால் மறுநாள் ஆளுக்கொரு குரல் வைத்துத் திரும்பச் சொல்வாள். இரண்டாம் வகுப்பு முடியும் வரை அவளுக்கு வாசிக்க வரும் என்றுதான் நாங்களும் அவளுடைய டீச்சரும் நினைத்தோம். பாடப் புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்து, முழுப் பாடத்தையும் தடங்கல் இல்லாமல் சொல்வாள். ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தேன், வாய் நாலாவது வரியில் இருக்கிறது, விரல் இரண்டாவது வரியில் இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், அப்புறம் வயிறு வலிக்குது என்றாள். பாடம் முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்திருக்கிறாள் என் பிள்ளை. வாசிப்பதைவிட அது எத்தனை மடங்கு பாடு என்று நினைத்துப் பாருங்கள். இவளையா மடி என்பது?

அன்று நான் அதையெல்லாம் நினைக்கவில்லை. அடித்தேன். ஒரு சொல்லைக்கூட வாசிக்காமல் இரண்டு வருஷம் ஏமாற்றியிருக்கிறாளே என்று அடித்தேன். சாயங்காலம் வந்த தம்பி, அழுது வீங்கிய அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நடந்ததைக் கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "அக்கா, பிள்ளையை ஒண்ணும் சொல்லாத. இது எனக்க சூக்கேடுதான். அவளுக்கும் வந்திருக்கு."

சூக்கேடு, எங்கள் ஊர்ப் பேச்சில் நோய். முப்பது வருஷமாக அவன் மனசில் அதற்கு வைத்திருந்த பெயர் அதுதான், வேறு பெயர் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

பெயர் இருக்கிறது, பழைய பெயர். டிஸ்லெக்சியா, அறிவு இருந்தும் வாசிப்பு வராத கற்றல் குறைபாடு. அந்தச் சொல்லை 1887-லேயே ஜெர்மனியில் ருடால்ஃப் பெர்லின் என்ற கண் மருத்துவர் எழுதிவிட்டார். 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பதினாலு வயசுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், விளையாட்டில் யாருக்கும் குறைந்தவன் இல்லை, கணக்கு வரும், வாசிப்பு மட்டும் வரவில்லை. அந்தக் குறிப்பில் எனக்கு மறக்காமல் நிற்பது அவனுடைய வாத்தியார் சொன்னதாக வரும் வரி: பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் இந்தப் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அந்த வாத்தியார் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு ஒரு சட்டமும் கிடையாது, ஒரு பயிற்சியும் கிடையாது. வருஷக்கணக்காகப் பையனைக் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் உங்களிடம் கேட்பதும் அதைத்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து சோம்பேறி, மடி, கவனம் இல்லை என்று சொல்ல வாய் வரும்போது, அந்தச் சொல்லை நிறுத்திவிட்டு அவளை வாசிக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன், இது எனக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்தது. நம் தமிழ் எழுத்து, இங்கிலீஷ் மாதிரி எழுதுவது ஒன்று சொல்வது ஒன்று என்று இல்லைதான், ஆனாலும் இந்தப் பிள்ளைகளுக்கு அதிலேயே நிறைய பள்ளம் மேடு உண்டு. என் மகள் ஒரு நாள் 'தேன்' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அம்மா, கொம்பு முன்னால நிக்குது, பின்ன எதுக்கு அதைப் பொறவு சொல்லணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாமெல்லாம் யோசிக்காமல் தாண்டிப் போகிற இடம் அது, அவள் ஒவ்வொரு தடவையும் அங்கே நின்று, கண் பார்த்த வரிசையைக் காது கேட்கும் வரிசைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால். கு, சு, டு, து என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. க என்ற ஒரே எழுத்து கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. இதற்கு மேல் ல, ள, ழ.

எல்லாப் பிள்ளைகளும்தானே ண, ன மாற்றிப் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். போடுவார்கள், நாளாக ஆகத் தேறிவிடுவார்கள். இவர்கள் தேறுவதில்லை, அதுதான் வித்தியாசம். முதல் வரியில் திக்கித் திணறி வாசித்த 'பறவை' மூன்றாவது வரியில் மறுபடி வந்தால், அந்தச் சொல்லைப் பார்த்ததே இல்லாதவள் போல முதலில் இருந்து ஆரம்பிப்பாள். பார்ப்பவர்களுக்கு அது பிடிவாதம் மாதிரித் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வாய்க் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறவள் எழுதச் சொன்னால் ஒரு வரியோடு நிற்பாள். கரும்பலகையில் இருந்து பார்த்து எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் தலையைத் தூக்குவாள், மற்றவர்கள் முடித்துப் பையைக் கட்டும்போது இவள் பாதியில் இருப்பாள். சொல்வதை எழுதுதல் உள்ள நாளில் காலையிலேயே வயிறு வலிக்கும், அது நடிப்பு இல்லை, உண்மையாகவே வலிக்கும். சில பிள்ளைகளுக்கு இது எழுதுவதில் மட்டும் இருக்கும், சிலருக்குக் கணக்கில், வாய்ப்பாடு எத்தனை தடவை சொன்னாலும் நிற்காது.

எழுத்து தலைகீழாகத் தெரிகிறதாமே, கண்ணில்தானே கோளாறு என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் சிக்கல் கண்ணில் கிடையாது. ஒரு சொல்லைச் சின்னச் சின்ன ஒலியாகப் பிரித்து, அந்த ஒலியை எழுத்தோடு சேர்த்து வைக்கிற வேலை மூளையில் வேறு மாதிரி நடக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வர வாய்ப்பு அதிகம், தம்பி சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் சூக்கேடு இல்லை, மருந்தும் இல்லை. அறிவு வளர்ச்சிக் குறைபாடும் இல்லை, அது வேறு, அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய உதவியும் வேறு. சரியான முறையில், நிதானமாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் இவர்களுக்கு வாசிப்பு வரும், மெதுவாக வரும்.

சோதனைக்கு நாங்கள் அலைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். வீட்டுக்காரர் சவுதியில், நானும் தம்பியும்தான் இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனோம். நம் மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரிக் காரியம் என்றாலும் அங்கே ஓடித்தானே பழக்கம். முதலில் கண், காது பார்த்தார்கள், இரண்டும் சரி. அறிவுத்திறன் சோதனையும் நன்றாகப் போனது. அப்புறம் வாசிக்கக் கொடுத்தார்கள், கொடுத்தது இங்கிலீஷும் மலையாளமும். இவளுக்கு மலையாளம் காதுக்குப் புரியும், எழுத்து தெரியாது. பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். தமிழில் சோதிக்க ஆள் இல்லாததால் பாதியில் திரும்பி வந்து, நாகர்கோவிலில் தமிழில் பார்க்கிற ஒரு சைக்காலஜிஸ்ட்டைத் தேடிப் பிடிக்க இன்னும் மூன்று மாசம் ஆனது. அதனால் பெற்றோர் யாராவது உங்களிடம் வழி கேட்டால், பிள்ளை எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியில் சோதிக்கிறார்களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், அந்த அலைச்சல் தொடங்க வேண்டிய இடம் பள்ளிதான், என் வீடு இல்லை. தம்பி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது சட்டத்தில் இதற்கு இடமே கிடையாது. அடுத்த வருஷம், 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் ஏழு வகைக் குறைபாடுகள்தான், கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது, கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. பிள்ளைகளிடம் இது இருக்கிறதா என்று கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கு ஏற்றபடி கற்பிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவு: அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முதலில் வருகிறதோ அப்போது, முதல்கட்டமாகப் பார்க்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள். தலைமையாசிரியர் தலைமையில் அதற்கென்று ஒரு குழுவும் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா?

குற்றம் சாட்டக் கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகளையும், பதிவேடுகளையும், கைபேசியில் ஏற்ற வேண்டிய விவரங்களையும் வைத்துக்கொண்டு நீங்கள் படுகிற பாடு தெரியும். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். இதை எழுதப் போகிறேன் என்றதும் தம்பியே சொன்னான், டீச்சர்மார் மேல பழி போடாத அக்கா, அவங்களுக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல்ல என்று. அதனால்தான் முதலில், ஒரு காசு செலவில்லாமல், ஒரு சான்றிதழும் இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியதைக் கேட்கிறேன்.

திடீரென்று எழுப்பி எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்க வைக்க வேண்டும் என்றால் முந்தின நாளே, நாளைக்கு இந்த இரண்டு வரி உனக்கு என்று சொல்லி அனுப்புங்கள், வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் மகளின் இப்போதைய டீச்சர் இதை மட்டும்தான் முதலில் செய்தார், வயிற்று வலி பாதி குறைந்தது. தேர்வில் கேள்வியை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அறிவியலில் பதில் சரி, எழுத்து பிழை என்றால் பதிலுக்கு மார்க் போடுங்கள். பிழையாக எழுதிய சொல்லை நூறு தடவை எழுதி வா என்று அனுப்பாதீர்கள், அவள் பிழையாகவே நூறு தடவை எழுதிப் பழகுவாள், நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லிக் கொடுக்கிற முறைக்கும் ரொம்பத் தூரம் போக வேண்டாம். கண், காது, வாய், கை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கிற மாதிரி எழுத்தைப் படிய வைக்க வேண்டும் என்று சைக்காலஜிஸ்ட் சொன்னபோது எனக்கு என் பாட்டி சொன்ன ஆசான் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லித்தானே அவர்கள் படித்தார்கள். இப்போது என் தையல் மேசைக்கு அடியில் ஒரு தட்டில் மணல் இருக்கிறது. ராத்திரி பத்து நிமிஷம் மகள் அதில் எழுதுவாள், த சொல்லி, ஏ சொல்லி, இரண்டையும் சேர்த்து தே. கொம்பைக் கடைசியாகத்தான் போடுவாள். சொல்கிற வரிசையிலேயே போடட்டும் என்று விட்டுவிட்டோம், அவள் கேட்ட கேள்விக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது.

அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் தனியாக ஒன்று. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததில் இருந்து எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் எடுக்கிறீர்கள். ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தும், வாயால் எல்லாம் சொல்லியும், ஒரு பிள்ளை வருஷம் முழுக்க அரும்பிலேயே இருக்கிறது என்றால், உங்கள் கையில் இருக்கிற அந்தப் பதிவேடே ஒரு தகவல். தயவுசெய்து அதைச் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் பெற்றோர்தான் முரண்டு பிடிப்பார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளி என்று எழுதி வாங்கினால் பொம்பளப் பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்க வேண்டாமா என்று என் மாமியார் ஒரு மாசம் என்னிடம் பேசவில்லை. அவர்களிடம் நீங்கள் பொறுமையாக ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வகுப்பில் கிடைக்கிற உதவிக்குச் சான்றிதழ் வேண்டாம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வேண்டும். சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் அதை வைத்துத்தான், விண்ணப்பமும் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். அந்த 2018 வழிகாட்டுதல்படி எட்டு வயசு ஆன பிறகுதான் சான்றிதழ், பதினாலிலும் பதினெட்டிலும் மறுபடி பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பில் பாதி வருஷம் போன பிறகு ஓடினால் கைக்கு வராது.

நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பேனர் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றில் ஒரு பயம் வரும். எட்டு வரை எல்லாரும் பாஸ், ஒன்பதில் திடீரென்று ஒரு பிள்ளைக்கு வாசிக்க வராது என்று கண்டுபிடித்து, பேனர் கெட்டுவிடும் என்று பெற்றோரைக் கூப்பிட்டு டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லுகிற பள்ளிகள் உண்டு, எனக்குத் தெரிந்தே இரண்டு வீட்டில் நடந்திருக்கிறது. ஆறு வருஷம் முந்தி, மூன்றாம் வகுப்பில் ஒருவர் பதினைந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் வேறு மாதிரி ஒன்பதுக்கு வந்திருப்பார்கள்.

அடிப்பதைப் பற்றி நீட்டவில்லை, அடித்தவள் நான். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனசு நோக வைப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. 'மடியன்' அந்த இரண்டாவதில் வரும்.

முதல்கட்டமாகப் பார்ப்பதற்கான படிவம் உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று நாளைக்குத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வட்டார வள மையத்தில் கேளுங்கள். என் மகளுடைய பள்ளியில் நான் கேட்டுவிட்டேன், அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பியும் வருகிறான் என்றான். பேங்கில் துணி சுற்றிக்கொண்டு போன கதையை அவனே எழுந்து சொல்கிறானாம்.

இப்படிக்கு,
ஒரு தாய், ஒரு அக்கா
திங்கள்சந்தை